உயர்பாலை நகரில் பழைய வீட்டுக்கு வெப்பக்காப்பு: எதை முதலில் செய்வது?

ஆல்பகர்க்கி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,300 அடி உயரத்தில், ரியோ கிராண்டே ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. இங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 9 அங்குலம். இது சென்னை மழையில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. காற்றில் ஈரமும் வானில் மேகமும் குறைவு. அதனால் பகலில் நிலம் விரைந்து சூடேறுகிறது. இரவில் அந்த வெப்பம் தடையின்றி வானத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் இடையே 20 முதல் 30 டிகிரி பாரன்ஹைட் வேறுபாடு இருப்பது இங்கு இயல்பு. ஜூலைப் பிற்பகல்களில் வெப்பம் சராசரியாக 93 டிகிரியை எட்டுகிறது. ஜனவரி இரவுகளில் 26 டிகிரிக்கு இறங்குகிறது.

வெப்பமண்டல ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு நல்ல வீடு என்றால் காற்றோட்டமான வீடு. முற்றம், திண்ணை, எதிரெதிர்ச் சாளரம் ஆகிய அனைத்தும் காற்றை உள்ளே வரவேற்பதற்காக அமைந்தவை. உயர்பாலையில் வீட்டின் கடமை வேறு. குளிர்காலத்தில் உள்வெப்பத்தை வெளியே விடாமலும், கோடைப் பகலில் வெளிவெப்பத்தை உள்ளே விடாமலும் அது காக்க வேண்டும். பழைய வீடுகள் பல இக்கடமையைச் சரிவரச் செய்வதில்லை. அதன் விளைவு எரிவாயுக் கட்டணத்தில் மட்டும் தெரிவதன்று. முதியோர் உறங்கும் அறையின் குளிரிலும், குழந்தை தவழும் தரையின் சில்லிப்பிலும் தெரியும்.

இக்கட்டுரை பழைய வீட்டுக்கு வெப்பக்காப்பு இடும் முறையை வரிசைப்படி விளக்குகிறது. இதில் வரிசையே முக்கியம். நல்ல பொருளைத் தவறான இடத்தில் முதலில் இட்டவர்கள் பெருந்தொகை செலவிட்டும் சிறு பயனையே பெறுகின்றனர்.

எடை வேறு, காப்பு வேறு

நகரின் மிகப் பழைய வீடுகள் அடோபி எனப்படும் சுடாத மண்கல்லால் கட்டப்பட்டவை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பச்சைக்கல் என்று வழங்கும் கல்லுக்கு இது உறவு. நியூ மெக்சிகோவின் வழக்கமான அடோபிக் கல் 14 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் கொண்டது. ஆகவே சுவரின் தடிமன் 10 அங்குலத்துக்குக் குறைவதில்லை. இத்தகைய சுவருக்குள் இருப்பவர்கள், இவ்வளவு தடித்த சுவருக்குக் காப்பு எதற்கு என்று எண்ணுவது இயற்கை. இங்குதான் பலர் ஏமாறுகின்றனர்.

கனமான சுவர் வெப்பத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. பிற்பகல் வெயில் 10 அங்குல மண்சுவரைக் கடந்து உள்ளே வர ஏறத்தாழ எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். அதற்குள் வெளியே குளிர்ந்துவிடும். சாளரங்களைத் திறந்து அந்த வெப்பத்தை வெளியேற்றிவிடலாம். கோடையில் மண்வீடு இதமாக இருப்பதன் காரணம் இதுவே.

ஜனவரியில் நிலைமை வேறு. பகலின் உச்ச வெப்பமே 50 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வீட்டுக்குள் 68 டிகிரி வேண்டுமானால், பகலிலும் இரவிலும் வெப்பம் ஒரே திசையில், அதாவது வெளிநோக்கியே செல்கிறது. தாமதம் இங்கு உதவாது, தடை வேண்டும். அந்தத் தடையை அளக்கும் அளவுகோலே ஆர் மதிப்பு. 10 அங்குல அடோபிச் சுவரின் ஆர் மதிப்பு சுமார் 3 மட்டுமே. மூன்றரை அங்குலக் கண்ணாடி இழைப் பஞ்சுக்கோ ஏறத்தாழ 11 முதல் 13 வரை உண்டு. உள்ளீடற்ற சிமெண்ட் கல்லால் 1950-களில் கட்டப்பட்ட சுவர்களும் இவ்வகையில் பலவீனமானவையே.

ஒரு சிறு கணக்கு

ஆர் மதிப்பு இரு மடங்கானால் வெப்ப இழப்பு பாதியாகும். 1,000 சதுர அடிக் கூரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே 68 டிகிரி, வெளியே 28 டிகிரி. வேறுபாடு 40 டிகிரி. பரப்பை வேறுபாட்டால் பெருக்கி ஆர் மதிப்பால் வகுத்தால், மணிக்கு எத்தனை பி.டி.யு. வெப்பம் வெளியேறுகிறது என்பது கிடைக்கும்.

ஆர்-5 கூரையில் மணிக்கு 8,000 பி.டி.யு. வெளியேறும்.
ஆர்-20 கூரையில் 2,000 பி.டி.யு. வெளியேறும்.
ஆர்-50 கூரையில் 800 பி.டி.யு. வெளியேறும்.

முதலில் சேர்த்த 15 அலகுகள் 6,000 பி.டி.யு.வை மிச்சப்படுத்தின. அடுத்துச் சேர்த்த 30 அலகுகள் 1,200 மட்டுமே மிச்சப்படுத்தின. காப்பே இல்லாத இடத்தில் இடும் முதல் சில அங்குலங்களே மிகுந்த பயன் தருகின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. ஆர்-50 காப்பிட்ட அந்த 1,000 சதுர அடியில், மேலே ஏறுவதற்கான கதவு மட்டும் 10 சதுர அடி, காப்பின்றி ஆர்-1 அளவில் விடப்பட்டதாகக் கொள்வோம். அக்கதவு வழியே 400 பி.டி.யு.வும், மீதிக் கூரை முழுவதிலும் ஏறத்தாழ 790 பி.டி.யு.வும் வெளியேறும். பரப்பில் நூற்றில் ஒரு பங்கான கதவு, மொத்த இழப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் காரணமாகிறது. விட்டுப்போன சிறு இடம் செய்த வேலையை வீணாக்கும். இக்கணக்கில் காற்றுக்கசிவு சேரவில்லை. அதையும் சேர்த்தால் இழப்பு இன்னும் கூடும்.

வேலை தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய வீட்டின் கூரைக்குள் கை வைப்பதற்கு முன் ஐந்து ஆபத்துகளைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வெர்மிகுலைட். கூரையடி வெளியில் சாம்பல் பழுப்பு அல்லது வெள்ளிப் பொன்னிறத்தில், கூழாங்கல் போன்ற மெல்லிய அடுக்குத் துகள்கள் காணப்பட்டால் அவற்றைத் தொடவோ, பெருக்கவோ, நகர்த்தவோ கூடாது. 1990 வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டின் பெரும்பகுதி மொன்டானா மாநிலத்தின் லிபி சுரங்கத்திலிருந்து வந்தது; அதில் கல்நார் கலந்திருந்தது. கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதை அகற்றும் பணி பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது.

இரண்டாவது, பழைய மின்கம்பிகள். 1940-களுக்கு முந்தைய சில வீடுகளில் பீங்கான் குமிழ்களில் தாங்கிய தனித்தனிக் கம்பிகள் இன்னும் உள்ளன. இவை தம் வெப்பத்தைக் காற்றில் விட்டுக் குளிர்பவை. காப்புப் பொருளால் மூடினால் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்த்த பின்னரே மேற்கொண்டு செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஈய வண்ணம். 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் பூச்சைச் சுரண்டும்போது ஈயத் தூசி எழலாம். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இத்தகைய வீடுகளில் கூலிக்கு வேலை செய்வோர் ஈயப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்.

நான்காவது, கார்பன் மோனாக்சைடு. வீட்டின் இடுக்குகளை அடைத்த பின், எரிவாயு அடுப்பு, நீர்க்கொதிகலன், சுவர்ச்சூடேற்றி ஆகியவற்றின் புகை வெளியேறாமல் உள்ளே திரும்பக்கூடும். இவ்வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. படுக்கையறைகளுக்கு அருகிலும் ஒவ்வொரு மாடியிலும் எச்சரிக்கைக் கருவி இருப்பது கட்டாயம் எனக் கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, ரேடான். மண்ணிலிருந்து எழும் கதிரியக்க வாயு இது. ஆல்பகர்க்கி அமைந்துள்ள பெர்னலீயோ கவுண்டியை, ரேடான் வாய்ப்பு மிகுந்த முதல் மண்டலத்தில் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சேர்த்துள்ளது. வேலைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சோதனைப் பொதியால் அளப்பது நல்லது. ஒரு லிட்டர் காற்றில் 4 பிகோகியூரி அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்பது அம்முகமையின் அறிவுரை.

முதற்படி: காற்றுக்கசிவை அடைத்தல்

சூடான காற்று மேலெழும். அது கூரையின் துளைகள் வழியே வெளியேறும்போது, அந்த இடத்தை நிரப்பக் கதவடி, சன்னல் சட்டம், தரையோரம் ஆகியவற்றின் வழியே குளிர்காற்று நுழைகிறது. எனவே கீழே உணரப்படும் குளிருக்குக் காரணம் பெரும்பாலும் மேலே இருக்கிறது.

கசிவைக் கண்டறிய எளிய வழி ஊதுவத்தி. காற்றடிக்கும் குளிர்நாள் ஒன்றில் சன்னல்களை மூடி, சமையலறை, குளியலறை மின்விசிறிகளை இயக்கி, எரியும் ஊதுவத்தியைச் சட்டங்களின் ஓரமாக மெதுவாகக் கொண்டுசெல்ல வேண்டும். திரைச்சீலையிலிருந்து விலக்கிப் பிடிப்பது அவசியம். புகை நேராக எழாமல் அலைந்தால் அங்கே கசிவு உண்டு. துல்லியமாக அறிய விரும்புவோர், வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி அழுத்த வேறுபாட்டை அளக்கும் புளோவர் டோர் சோதனையை ஆற்றல் தணிக்கையாளரைக் கொண்டு செய்விக்கலாம்.

பார்க்க வேண்டிய இடங்கள்: கூரை ஏறும் கதவு, கூரையில் பதித்த விளக்குகள், குழாய்களும் கம்பிகளும் சுவரைத் துளைக்கும் இடங்கள், மின்செருகிகள், கதவடி. அசையாத இடுக்குகளுக்கு அடைப்புப் பசையும், அசையும் கதவு சன்னல்களுக்கு ரப்பர்ப் பட்டையும் ஏற்றவை. புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சாதாரண நுரையால் அடைக்கக் கூடாது. தகரமும் தீத்தாங்கும் பசையும் வேண்டும்.

இந்நகரப் பழைய வீடுகளுக்கே உரிய பெருந்துளை ஒன்று உண்டு: கூரைமேல் அமர்ந்திருக்கும் ஏர் கூலர். வறண்ட காற்றில் அது மிகச் சிறப்பாகக் குளிரூட்டும். ஆனால் அதன் குழாய் நேராக நடைவழிக் கூரையில் திறக்கிறது. குளிர்காலத்தில் அதை மூடாவிட்டால், வீட்டின் உச்சியில் சன்னல் ஒன்றைத் திறந்து வைத்ததற்கு ஒப்பாகும். உறைபனி தொடங்குமுன் நீரை முழுவதும் வடித்து, குழாயில் தகட்டுத் தடுப்பைச் செருகி, வெளிப்பெட்டிக்கு உறையிட்டு, உட்கூரைச் சட்டத்துக்கும் மூடியிட வேண்டும்.

இரண்டாம் படி: கூரை

சாய்கூரை வீடுகளில் அட்டிக் எனப்படும் கூரையடி வெளி இருக்கும். ஆல்பகர்க்கி நான்காம் தட்பவெப்ப மண்டலத்தைச் சேர்ந்தது. இம்மண்டலத்தில், காப்பே இல்லாத கூரையடி வெளிக்கு ஆர்-60 அளவையும், ஏற்கனவே 3 அல்லது 4 அங்குலக் காப்பு உள்ள இடத்தில் கூடுதலாக ஆர்-49 அளவையும் எனர்ஜி ஸ்டார் திட்டம் பரிந்துரைக்கிறது. பழைய செய்தித்தாளிலிருந்து செய்து, தீத்தடுப்பு உப்பு கலந்து, குழாயால் ஊதி நிரப்பும் செல்லுலோஸ் அங்குலத்துக்கு ஏறத்தாழ 3.5 ஆர் தரும். ஆகவே ஆர்-49 பெற 14 அங்குல உயரம் தேவை. கூரையோரக் காற்றுத்துளைகளை இப்பொருள் அடைத்துவிடாதபடி தடுப்புப் பலகை வைக்க வேண்டும். காப்புப் பொருள் தொடலாம் என்ற சான்று பெறாத பதிப்பு விளக்குகளைச் சுற்றி 3 அங்குல இடைவெளி விட வேண்டும்.

தட்டைக்கூரை வீடுகளில் இத்தகைய வெளி பெரும்பாலும் இல்லை. வீகா என்ற உருட்டு மர உத்தரங்கள் அறையிலிருந்தே தெரியும் வீடுகளில், அந்த அழகை மறைக்காமல் உள்ளிருந்து காப்பிட வழியில்லை. இவற்றுக்கு மேலிருந்துதான் காப்பிட வேண்டும். கூரைத் தோலை மாற்றும் காலமே அதற்கு ஏற்ற வேளை. பழைய தோலை நீக்கி, பாலிஐசோ எனப்படும் கெட்டி நுரைப்பலகையை 5 அல்லது 6 அங்குலம் அடுக்கினால் ஆர்-30 அளவை எட்டலாம். கூரையை மாற்றிய மறு ஆண்டில் காப்பைப் பற்றி நினைப்பவர், ஒரே வேலைக்கு இருமுறை பணம் தருகிறார். வெள்ளைப் பூச்சு கோடை வெப்பத்தைக் குறைக்கும். குளிருக்கு அது மாற்றாகாது.

மூன்றாம் படி: சுவர்

மரச்சட்டச் சுவராயின் சிறு துளைகளிட்டுச் செல்லுலோஸை நெருக்கமாகச் செலுத்தலாம். சிமெண்ட் கல் சுவராயின், வெளிப்பூச்சைப் புதுப்பிக்கும்போது அடியில் நுரைப்பலகை பதிக்கலாம்.

அடோபிச் சுவருக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. மண்சுவர் நிலத்திலிருந்தும் மழையிலிருந்தும் சிறிது ஈரத்தை ஏற்று, பின்னர் வெயிலில் அதை வெளிவிடுகிறது. ஈரம் வெளியேறும் வழியை மூடிவிட்டால் சுவர் உள்ளிருந்தே கரையும். மாநிலத்தின் வடபகுதியில், டாவோஸ் நகரை அடுத்த ரஞ்சோஸ் டி டாவோஸ் ஊரின் சான் பிரான்சிஸ்கோ டி அசிஸ் தேவாலயம் இதற்குச் சான்று. 1967-இல் அதன் மண்பூச்சை நீக்கிச் சிமெண்ட் பூசினர். விரிசல்களில் நுழைந்த நீர் வெளியேற வழியின்றிச் சுவர்களைக் கெடுத்தது. 1979-இல் சிமெண்டை உரித்தெடுத்து மீண்டும் மண் பூசினர். இன்றும் ஊரார் கோடைதோறும் கூடி அதற்கு மண் பூசி வருகின்றனர்.

ஆகவே அடோபி வீட்டின் வெளிப்புறத்தில் ஆவி புகாத நுரையையோ நெகிழித் தாளையோ ஒட்டுவதற்கு முன், மண்கட்டடம் அறிந்தவரின் கருத்தைக் கேட்க வேண்டும். உட்புறத்தில் காப்பிட்டால் சுவரின் கோடைப்பயன் போய்விடும். பல அடோபி வீடுகளுக்குக் கூரையும் கசிவடைப்பும் போதுமான பயனைத் தந்துவிடும். கூரைநீர் வழியும் கனாலே வாய்களைச் சுத்தமாக வைத்தலும், சுவரடியில் செடிகளுக்கு நீர் பாய்ச்சாமையும் காப்பிடுதலைவிட முதன்மையானவை.

ஓல்ட் டவுன், ஹியூனிங் ஹைலேண்ட் போன்ற வரலாற்றுப் பாதுகாப்புப் பகுதிகளில் வெளித்தோற்றத்தை மாற்ற நகரத்தின் முன் அனுமதி தேவை. வேலைக்கு ஒப்பந்தம் செய்யுமுன் 311 என்ற எண்ணில் கேட்டறிவது நன்று.

சன்னலும் அன்றாடப் பழக்கமும்

ஒற்றைக் கண்ணாடிச் சன்னலின் ஆர் மதிப்பு ஏறத்தாழ 1. அதை மாற்றுவது செலவு மிகுந்தது. ஆதலால் இவ்வரிசையில் இறுதியில் வருகிறது. கூடுதல் கண்ணாடிச் சட்டமும், தரைவரை தொங்கும் தடித்த திரையும் குறைந்த செலவில் உதவும்.

இந்நகரம் 35-ஆம் அகலாங்கில் உள்ளது. டிசம்பர் நண்பகலில் சூரியன் தொடுவானிலிருந்து 31 டிகிரி உயரத்திலேயே நிற்கும். ஜூனில் 78 டிகிரிக்கு ஏறிவிடும். எனவே தெற்குச் சன்னல் குளிர்கால வெயிலை அறைக்குள் ஆழமாக அனுமதிக்கும்; கோடையில் சிறு கூரைநீட்டலே அதை மறைக்கப் போதும். குளிர்காலப் பகலில் தெற்குத் திரையைத் திறந்து, சூரியன் மறைந்ததும் மூட வேண்டும். கோடையில் இரவிலும் விடியலிலும் சன்னல்களைத் திறந்து, வெயில் ஏறுமுன் மூடிவிட வேண்டும். பகலில் திறந்து வைக்கும் ஊர்ப்பழக்கம் இங்கு வெப்பத்தை அழைத்து வரும். ஏர் கூலர் ஓடும் நேரம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது தள்ளும் காற்று வெளியேற ஒரு சன்னல் சிறிது திறந்திருக்க வேண்டும்.

கசிவை அடைத்த வீட்டில் சமையல் ஆவியும் தங்கும். சோறு வடித்தல், இட்லி அவித்தல், துணியை உள்ளே உலர்த்துதல் ஆகியவற்றால் எழும் ஈரம் குளிர்ந்த சன்னலோரத்தில் படிந்து பூஞ்சணமாகும். பாலைநிலத்தில் ஈரம் ஏது என்று அலட்சியம் செய்தல் ஆகாது. சமையலறை விசிறி காற்றை அறைக்குள்ளேயே சுழற்றாமல் வீட்டுக்கு வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உதவியும் ஒப்பந்தமும்

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கிய கூட்டரசின் வெதரைசேஷன் உதவித் திட்டம், தணிக்கை, கசிவடைப்பு, காப்பு ஆகியவற்றைக் கட்டணமின்றிச் செய்து தருகிறது. நியூ மெக்சிகோவில் இது எனர்ஜிஸ்மார்ட் என்ற பெயரில் நடைபெறுகிறது. முதியோர், உடற்குறை உள்ளோர், குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை உண்டு. வாடகைக்குக் குடியிருப்போரும் வீட்டு உரிமையாளரின் எழுத்துவழி இசைவுடன் விண்ணப்பிக்கலாம்.

சொந்தச் செலவில் செய்வோர் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூவரிடமாவது எழுத்தில் விலை கேட்க வேண்டும். காப்பிடும் நிறுவனம், பொருளின் பரப்பு, தடிமன், ஆர் மதிப்பு ஆகியவற்றை ஒப்பந்தத்திலோ ரசீதிலோ குறித்துத் தர வேண்டும் என்பது கூட்டரசு விதி. ஊதி நிரப்பும் பொருளாயின் பயன்படுத்திய மூட்டைகளின் எண்ணிக்கையும் அதில் இடம்பெற வேண்டும். கூரைக்கு மேலே நடந்ததை வீட்டார் கண்ணால் காண இயலாது; அந்தத் தாளே அவர்களுக்குச் சான்று. முழுத் தொகையையும் முன்பணமாகத் தருவதைத் தவிர்க்க வேண்டும்.

ஆண்டு வரிசை

செப்டம்பர்: எச்சரிக்கைக் கருவிகளையும் எரிவாயுச் சாதனங்களின் புகைவழியையும் சோதித்தல்.
அக்டோபர்: ஏர் கூலரை வடித்து மூடுதல், கூரை ஏறும் கதவுக்குக் காப்பிடுதல், வெளிக்குழாய்களுக்கு உறையிடுதல்.
நவம்பர் முதல் பிப்ரவரி வரை: ஊதுவத்திச் சோதனை, கசிவடைப்பு, ரேடான் அளவீடு.
மார்ச், ஏப்ரல்: கூரையடிக் காப்புக்கு விலை கேட்டுப் பணியை முடித்தல்.
ஜூலையில் பருவமழை தொடங்குமுன்: தட்டைக்கூரை, கனாலே, அடோபிச் சுவரடி ஆகியவற்றைப் பார்வையிடுதல்.

அனைத்தையும் ஒரே ஆண்டில் முடிக்க வேண்டியதில்லை. கையில் உள்ள தொகை குறைவாயின் பசைக்குழாய் ஒன்றும் ரப்பர்ப் பட்டையும் வாங்கித் தொடங்கலாம்; கூரையும் சுவரும் அடுத்த ஆண்டுகளில் தொடரலாம்.